மோரிஸ் மைனருக்கு உதிரி பாகம் தேடிய இரண்டரை வருடம்

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கிடும் சின்னத் துண்டான ரோட்டரைப் புதிதாக மாட்டி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. 1964ஆம் வருடத்து மோரிஸ் மைனர் என்ற பிரிட்டிஷ் கார், 1098 சிசி எஞ்சின். பல வருடம் அசையாமல் நின்றதை வாங்கி, எஞ்சினை இறக்கி, சிலிண்டர் போர் செய்து, மறுபடி ஏற்றி, அது சீராக ஓட ஆரம்பித்திருந்த நேரம். நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது யாரோ சாவியைத் திருப்பி அணைத்தது போல எஞ்சின் நின்றது. இருமல் இல்லை, திணறல் இல்லை, ஒரே அடியாக நின்றது.

ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டுப் பார்த்தேன். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வருகிறது. காயிலில் இருந்து வரும் நடு வயரை எஞ்சின் பிளாக்குக்குப் பக்கத்தில் பிடித்தால் ஸ்பார்க் நன்றாகவே தாவுகிறது. ஆனால் பிளக்குக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. அப்படியென்றால் இடையிலுள்ள டிஸ்ட்ரிபியூட்டரில்தான் கோளாறு. மூடியைக் கழற்றி, இக்னிஷனை ஆன் செய்து, அந்த வயரை இன்சுலேஷன் போட்ட இடுக்கியால் பிடித்து ரோட்டரின் நடுப் பித்தளைக்கு மூன்று மில்லிமீட்டர் மேலே வைத்துக்கொண்டு, பாயிண்டை (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) ஒரு மரக்குச்சியால் நெம்பி நெம்பித் திறந்தேன். ரோட்டர் நன்றாக இருந்தால் அங்கே ஸ்பார்க் பலமாகத் தாவக் கூடாது, ஏனென்றால் அதிலிருந்து வெளியே போக வழி கிடையாது. ஆனால் ஒவ்வொரு முறையும் தடித்த நீல ஸ்பார்க் தாவியது. மின்சாரம் ரோட்டரைத் துளைத்துக்கொண்டு அடியிலுள்ள தண்டுக்குள் இறங்கி எர்த் ஆகிக்கொண்டிருந்தது.

கழற்றிய பழைய ரோட்டர் கருவிப் பெட்டியின் ஓரத்தில் கிடந்தது. முனை கொஞ்சம் தேய்ந்திருந்தது என்பதற்காக மட்டும் மாற்றியது அது. துணியால் துடைத்து மாட்டினேன். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, அந்தப் புது ரோட்டரை வைஸில் பிடித்து ஹாக்சா பிளேடால் நீளவாக்கில் அறுத்தது. உள்ளே பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. மேலே உள்ள பித்தளைத் தகட்டை ஒரு ரிவெட் அடித்துப் பிடிக்க வைத்திருந்தார்கள். அந்த ரிவெட்டின் வால், தண்டைப் பிடிக்கும் ஸ்பிரிங் கிளிப்புக்கு மிக அருகில் வந்து நின்றது; இரண்டுக்கும் நடுவே இருந்த பிளாஸ்டிக் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த மெல்லிய இடத்தில் ஊசி குத்தியது போல ஒரு துளை, அதைச் சுற்றிக் கருகிய கோடு. பல ஆயிரம் வோல்ட்டுக்கு அது எம்மாத்திரம்? கருப்பு நிறத்துக்காகச் சேர்க்கிற கார்பன் அளவுக்கு மீறினால் அந்தப் பிளாஸ்டிக்கே மின்சாரத்துக்கு வழிவிடும் என்பது இன்னொரு பக்கம். என் பழைய ரோட்டரில் ரிவெட்டே இல்லை, தகடு வார்ப்போடு சேர்த்தே பதிக்கப்பட்டிருந்தது. இப்போது ரிவெட் இல்லாமல் சிவப்பு நிறத்தில் வரும் ரோட்டர்கள் கிடைக்கின்றன. அதைத்தான் மாட்டியிருக்கிறேன், இன்றுவரை பிரச்சினை இல்லை.

அந்த அறுத்த துண்டு இன்னும் என் மேசை மேல்தான் இருக்கிறது. பழைய வண்டிக்குப் பாகம் வாங்குவதை நான் பார்க்கும் விதமே அதற்குப் பிறகு மாறியது. புதியது என்பதற்காக எதையும் மாட்டுவதில்லை, பழையது என்பதற்காக எதையும் தூக்கிப் போடுவதில்லை. கழற்றும் ஒவ்வொரு பாகமும் ஒரு பையில், சீட்டு எழுதி. தேய்ந்த பாகமாக இருந்தாலும் அதன் அளவு, மரை, வார்ப்பு எண், உலோகத்தின் தரம் எல்லாம் அதிலேயே இருக்கிறது. வாங்கப் போகும் பாகத்தை ஒப்பிட அதைவிட நல்ல ஆதாரம் வேறு கிடையாது.

சரி, முதலில் தேவைப்பட்டது என் வண்டியில் உண்மையில் என்னென்ன இருக்கிறது என்ற கணக்கு. மோரிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை தயாரான வண்டி, வெளியே பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே நிறைய மாறியிருக்கிறது. 1962இல் எஞ்சின் 948 சிசியில் இருந்து 1098 ஆனபோது கிளட்ச் தகடு ஆறேகால் அங்குலத்தில் இருந்து ஏழேகால் ஆனது, முன் பிரேக் டிரம் 7 அங்குலத்தில் இருந்து 8 ஆனது. இரண்டுக்கும் பெயர் மைனர் 1000தான், ஆகவே ‘மைனர் 1000க்கு பிரேக் ஷூ’ என்று கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறோம். அதோடு அறுபது வருடத்தில் வண்டி எத்தனையோ கை மாறியிருக்கும், ஒவ்வொருவரும் அவசரத்துக்குக் கிடைத்ததை மாட்டியிருப்பார்கள். என் எஞ்சின் எண் 10எம்ஏ என்று ஆரம்பிக்கிறது, சிலிண்டர் ஹெட்டின் மேல் 12ஜி202 என்று வார்ப்பில் இருக்கிறது, இரண்டும் அந்தக் காலத்து 1098க்கு உரியவைதான். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பில் அழுக்கைச் சுரண்டிப் பார்த்தபோது 25டி4 என்ற வகைப் பெயர், ஐந்து இலக்க எண், அதன் கீழே 18 67. லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் அந்தக் கடைசி வரி வாரமும் வருடமும்: 1967இன் பதினெட்டாவது வாரம். 1964 வண்டியில் 1967 டிஸ்ட்ரிபியூட்டர் எப்படி வரும்? அந்த ஐந்து இலக்க எண்ணைப் பட்டியலில் தேடினால் அது வேறொரு காருக்கானது, வேகத்துக்கு ஏற்ப ஸ்பார்க்கை முன்கூட்டி வர வைக்கும் உள்ளேயுள்ள அட்வான்ஸ் ஸ்பிரிங் வேறு. மேட்டில் ஏறும்போது எஞ்சின் தட்டும் சத்தம் கேட்டதற்குக் காரணம் அதுதான். நான் அதுவரை கார்புரேட்டரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் புரிந்தது. கார் கம்பெனி காரில் உள்ள எல்லாவற்றையும் தானே செய்ததில்லை. மின்சாரப் பாகம் லூகாஸ், பிரேக் லாக்ஹீட், கார்புரேட்டர் எஸ்.யூ., மீட்டர் ஸ்மித்ஸ், ஷாக் அப்சார்பர் ஆம்ஸ்ட்ராங். அந்தப் பாகத்தைச் செய்தவரின் எண் கையில் இருந்தால் காரின் பெயரைச் சொல்லாமலே தேடலாம். அதே ஏ-சீரீஸ் எஞ்சின் குடும்பம் ஆஸ்டின் ஏ35, ஏ40, மினி, ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட், எம்ஜி மிட்ஜெட், மோரிஸ் 1100 என்று பல வண்டிகளில் ஓடியது. ஸ்பிரைட்டின் ஸ்டியரிங் ரேக்கே மைனரில் இருந்து போனதுதான். மைனர் என்று தேடி மூன்று மாதம் கிடைக்காத எச்எஸ்2 கார்புரேட்டரின் உடல், மினி என்று தேடியதும் ஒரே வாரத்தில் கிடைத்தது. உடல் ஒன்றாக இருந்தாலும் ஊசியும் ஸ்பிரிங்கும் வண்டிக்கு வண்டி மாறும், ஆகவே என் பழையதில் இருந்தவற்றை எடுத்து இதில் போட்டேன்.

பேரிங், ஆயில் சீல் இரண்டையும் பற்றிக் கவலையே வேண்டாம். பேரிங்கின் பக்கவாட்டில் எண் இருக்கும், அந்த எண் உலகம் முழுக்க ஒன்றுதான். 6205 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மி.மீ. (04இல் இருந்து கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும், 03 என்றால் மட்டும் 17, 02 என்றால் 15.) எண் தேய்ந்து போயிருந்தால் வெர்னியரில் அளக்க வேண்டியதுதான். 25.4 என்று வந்தால் அது அங்குல அளவு, ஆர்எல்எஸ்8 போன்ற வேறு வரிசை. கிட்டத்தட்ட 25தானே என்று மெட்ரிக் பேரிங்கை அடித்து ஏற்றக் கூடாது. சீலுக்கும் உள், வெளி, அகலம் மூன்றும் போதும். ‘விண்டேஜ்’ என்று பெயர் போட்ட டப்பாவில் வாங்குவதைவிட, தொழிற்சாலைகளுக்கு பேரிங் விற்பவரிடம் எண்ணைச் சொல்லி நல்ல கம்பெனிப் பொருளாகக் கேட்டு வாங்குவது எனக்கு எப்போதும் சரியாக வந்திருக்கிறது. போலி பேரிங் நிறைய வருவதால் அதிகாரபூர்வ விற்பனையாளராகப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பேரிங் மாதிரி எண்ணை வைத்து முடியாத வேலை முன் சஸ்பென்ஷன். மைனரில் முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விவல் பின்னின் கீழ் முனையில் மரை இருக்கிறது, அது டிரனியன் என்ற துண்டுக்குள் பூட்டியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை எடையைத் தாங்கிக்கொண்டே சுழல்கிறது. கிரீஸ் போடாமல் விட்டால் மரை தேய்ந்து தேய்ந்து, ஒரு நாள் பின் டிரனியனை விட்டு வெளியே வந்து சக்கரம் அப்படியே மடங்கிப் படுத்துவிடும். மைனர் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பயம் இது. ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது என் வண்டியில் இடது பக்கம் நன்றாக ஆட்டம் இருந்தது.

புதிதாகச் செய்த ஒரு செட் வந்தது. பளபளவென்று, எண்ணெய்த் தாளில் சுற்றி, பார்க்கவே ஆசையாக இருந்தது. மாட்டுவதற்கு முன்னால் இரண்டு சோதனை. உராயாத ஒரு ஓரத்தில் நல்ல அரத்தை வைத்து லேசாக இழுத்தேன். கடினப்படுத்திய எஃகு என்றால் அரம் கண்ணாடி மேல் போவது போல வழுக்கும். என் பழைய பின்னில் வழுக்கியது. புதியதில் கடித்துத் துகள் வந்தது. அடுத்து கிரீஸ் நிப்பிளை மாட்டி கிரீஸ் கன்னால் அழுத்தினேன். கை வலிக்கும்வரை அழுத்தியும் மரைப் பக்கம் கிரீஸ் எட்டிப் பார்க்கவில்லை. நிப்பிளைக் கழற்றி மெல்லிய கம்பியை விட்டால் பாதி தூரத்தில் முட்டி நிற்கிறது. துளை போட்டவர் கடைசி நான்கைந்து மில்லிமீட்டரை விட்டிருக்கிறார். இதை அப்படியே மாட்டியிருந்தால் மாதா மாதம் கிரீஸ் அடிக்கிறோம் என்ற நிம்மதியோடு காய்ந்த மரையில் ஓட்டிக்கொண்டிருப்பேன். அந்த எண்ணம் வந்தபோது வயிற்றைப் பிசைந்தது.

படம் எடுத்து அனுப்பியதும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், அது வரைக்கும் நல்லது. ஆனால் அதற்குப் பதிலாக நான் வாங்கியது ஐம்பது வருடமாக அட்டைப் பெட்டியில் கிடந்த பழைய ஸ்டாக், ஆங்கிலத்தில் என்.ஓ.எஸ். (நியூ ஓல்ட் ஸ்டாக்) என்பார்கள். எண்ணெய் இறுகி வார்னிஷ் போல ஒட்டியிருந்தது, மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊற வைத்துத் துடைத்தால் கீழே துரு ஒரு புள்ளிகூட இல்லை. அரம் வழுக்கியது. கிரீஸ் மரை முழுக்கச் சுற்றி வந்தது. ஆட்டம் போய்விட்டது.

அதற்காகப் பழைய ஸ்டாக் எல்லாமே தங்கம் என்று சொல்ல மாட்டேன். இரும்பு, எஃகு, வார்ப்பு, கண்ணாடி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பேரிங்கும் சரிதான், இறுகிய கிரீஸைக் கழுவிப் புதிதாக அடைத்தால் போதும். கண்டென்சர் வேண்டாம், உள்ளே உள்ள காகிதம் ஈரம் குடித்துப் போயிருக்கும். ரப்பர் என்றால் தொடவே வேண்டாம். பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்தாலும் ரப்பருக்கு வயது ஆகிக்கொண்டேதான் இருக்கும். பழைய பிரேக் லைனிங், கிளட்ச் தகடு இவற்றில் கல்நார் இருக்கும். காற்றடித்துத் தூசியைக் கிளப்பிவிடக் கூடாது, நான் அவற்றை வாங்குவதே இல்லை.

ரப்பரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். கறுப்பாக, மெத்தென்று இருந்தால் எல்லாம் ஒரே ரப்பர் போலத்தான் தெரிகிறது, ஆனால் பிரேக் ஆயிலைத் தாங்கும் ரப்பர் வேறு, பெட்ரோலைத் தாங்கும் ரப்பர் வேறு. டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயிலுக்கு ஈபிடிஎம் என்ற ரப்பர் நன்றாக நிற்கும், ஆனால் சாதாரண எஞ்சின் ஆயிலோ கிரீஸோ பட்டால் ஊதிப் பெருத்துவிடும். நைட்ரைல் என்ற ரப்பர் அதற்கு நேர் எதிர். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் பழைய வகைப் பெட்ரோல் ஹோஸ்கள் உள்ளிருந்து சிதைகின்றன, விட்டான் என்ற ரப்பர் உள்பூச்சுள்ள, எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்ற தரக் குறியை மேலே அச்சிட்ட ஹோஸ்தான் வாங்குகிறேன். அச்சடிப்பதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதால் ஒவ்வொரு முறையும் இரண்டு அங்குலத் துண்டை வெட்டி, பெட்ரோல் ஊற்றிய கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி, ஒரு வாரம் நிழலில் வைத்துவிடுவேன். ஒருமுறை மூன்றாம் நாளே பெட்ரோல் கஷாயம் போல நிறம் மாறியது, துண்டை எடுத்து விரலால் தேய்த்தால் கையெல்லாம் கறுப்பு. அது கார்புரேட்டரின் ஊசி வால்வில் போய் அடைத்திருந்தால் நான் எங்கெங்கோ தேடியிருப்பேன். பிரேக் ரப்பர் கிட்டையும் இதே போல பிரேக் ஆயிலில் போட்டு, முன்னும் பின்னும் வெர்னியரில் அளந்து நோட்டில் எழுதிக்கொள்கிறேன். ஒரு வாரம் வேலை நிற்கும். நிற்கட்டும்.

தகரப் பாகங்களில் எனக்கு அதிகம் சொல்ல இல்லை, டிங்கர் வேலை நான் செய்ததில்லை. ஒன்று மட்டும்: பழைய தகட்டில் பெயிண்டைச் சுரண்டி மைக்ரோமீட்டர் வைத்தால் 0.9 மி.மீ. ஒட்டி வந்தது, வாங்கிய புதுப் பேனல் 0.7. அந்த வித்தியாசம் கதவை மூடும் சத்தத்திலேயே தெரியும். எந்தப் பேனலையும் கிளாம்பில் பிடித்து, கதவையும் மாட்டி இடைவெளி பார்த்த பிறகுதான் வெல்டிங். அதுவரை ப்ரைமர்கூட அடிக்க வேண்டாம், அடித்துவிட்டால் யாரும் திருப்பி வாங்க மாட்டார்கள்.

பழைய பாகத்தைத் தூரத்தில் இருப்பவரிடம் படம் பார்த்து வாங்கும்போது நான் கேட்பது எப்போதும் ஒரே மூன்று விஷயம். பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு படம், பின்பக்கத்தின் படம், எண் உள்ள இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் தேய்த்து எடுத்த ஒரு படம் (எழுத்து வெள்ளையாகத் தூக்கிக் காட்டும்). உண்மையில் அந்தப் பாகம் கையில் உள்ளவர், அதன் மேல் அக்கறை உள்ளவர், இதை அன்றைக்கே அனுப்பிவிடுவார். ‘நல்ல கண்டிஷன், நம்பி வாங்குங்க’ என்று மட்டும் பதில் வந்தால் விட்டுவிடுகிறேன். நல்ல விலைக்கு வந்தாலும் சரி. இப்படி விட்டதில் எனக்கு நஷ்டம் எதுவும் நேர்ந்ததாக ஞாபகம் இல்லை.

இனி பிரேக். இதற்குத்தான் அதிக நாள் ஆனது.

மைனரின் முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர், பின் சக்கரத்தில் ஒவ்வொன்று. ஆக மொத்தம் ஆறு, அப்புறம் மாஸ்டர் சிலிண்டர். கழற்றியபோது ஆறில் நான்கு இறுகிப் போயிருந்தன. முதலில் புதிது வாங்கினேன், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். பார்வைக்குச் சுத்தமான வார்ப்பு. பைப்பின் நட்டை (இதற்கு மரை வெளிப்பக்கம்) கையால் சுற்றினேன், இரண்டு விரலில் அப்படியே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இவ்வளவு சுலபமாகப் போகிறதே என்று முதலில் சந்தோஷம். அப்புறம் பாதி ஏறிய நட்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தேன், லொடலொடவென்று ஆடியது. பழைய சிலிண்டரில் அதே நட்டை ஏற்றினால் ஆட்டமே இல்லை.

மரை கேஜை எடுத்துப் பார்த்தேன். என் பைப் நட் எட்டில் மூன்று அங்குல யூஎன்எஃப் என்ற அங்குல மரை, அதாவது வெளிவிட்டம் 9.525 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை, ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையே 1.058 மி.மீ. புது சிலிண்டரில் போட்டிருந்த மரை மெட்ரிக் எம்10, அதாவது விட்டம் 10 மி.மீ., இடைவெளி 1 மி.மீ. இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். அதில்தான் ஆபத்து. பத்து மில்லிமீட்டர் நட்டைச் சின்னத் துளையில் போட்டால் ஏறாது, உடனே தெரிந்துவிடும். ஒன்பதரை மில்லிமீட்டர் நட்டைப் பத்து மில்லிமீட்டர் துளையில் போட்டால் ஏறும், கொஞ்சம் முறுக்கவும் விடும், ஆனால் மரையின் நுனி மட்டும்தான் நுனியைப் பிடித்திருக்கும். உதவாத ஒரு நட்டை வைத்து வேண்டுமென்றே முறுக்கிப் பார்த்தேன். ஸ்பேனர் இறுகுவது போல வந்து, திடீரென்று விட்டுவிட்டது. வெளியே எடுத்தால் மரை இருந்த இடத்தில் சுருள் சுருளாகச் சீவல். பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது எவ்வளவு அழுத்தம் வரும், அதை இந்தச் சீவல் தாங்கியிருக்குமா?

மரை சரியாக இருந்தால் மட்டும் போதாது, துளையின் அடியில் பைப் போய் உட்காரும் இடத்தின் வடிவமும் பார்க்க வேண்டும். சிலது குழிவாக இருக்கும், சிலது மேடாக. பைப்பின் முனையை விரிப்பதிலும் இரண்டு முறை: உள்ளே மடித்த இரட்டை விரிவு ஒன்று, குமிழ் போன்றது ஒன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பொருந்தாததைப் பலமாக முறுக்கினால் அன்றைக்கு ஒழுகாமல் நிற்கும், அதை நம்ப முடியாது. சின்ன டார்ச்சை வைத்துத் துளைக்குள் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

புதியவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பழைய சிலிண்டர்களையே எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் பெரியவர் ஒன்றைக் கையில் எடுத்து, எடை பார்ப்பது போல மேலும் கீழும் அசைத்து, உள்ளே விரலை விட்டுத் தடவினார். “உள்ளதான் குழி விழுந்திருக்கு. உடம்பு நல்லா இருக்கு. இதைப் போட்டுட்டு வேற தேடாதீங்க தம்பி, இந்த மாதிரி வார்ப்பு இப்ப வராது” என்றார். உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ், அதாவது ஒரு குழாய் உறை, போடலாம் என்று முடிவானது. உள்ளே பெரிதாக்கிக் கடைந்து, ஸ்லீவை இறுக்கமாக ஏற்றி, பிறகு பழைய அளவுக்கே போர் செய்து, கடைசியாக உட்சுவரை வழவழப்பாக்கும் ஹோனிங். நான் வற்புறுத்திக் கேட்ட விஷயம் ஒன்றே ஒன்று: ஸ்லீவை ஏற்றிய பிறகு பைப் வரும் துளையையும் காற்று நீக்கும் துளையையும் ஸ்லீவிலும் தொடர்ந்து போட்டு, உட்பக்கம் பிசிறு ஒரு துளிகூட இல்லாமல் தேய்க்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பிசிறில்தான் ரப்பர் கப்பின் விளிம்பு கிழியும். பெரியவர் அதற்கென்றே மெல்லிய ஒரு சாணைக் குச்சி வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். ஆறும் வந்து சேர இரண்டரை மாதம் ஆனது. துரு பிடிக்காத போர், வெளியே 1964இன் வார்ப்பு. பழைய நட் ஆடாமல் அசையாமல் ஏறியது.

மாஸ்டர் சிலிண்டர் தனிப் பாடு. மைனரில் அது டிரைவரின் காலுக்குக் கீழே, சேஸின் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும். தரைப் பலகையைக் கழற்றினால்தான் கண்ணில் படும், அதைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி இழுத்தால் முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் போல வேலை செய்யும் நீண்ட எஃகுக் கம்பி) குறுக்கே நிற்கும், வெளியே வராது. கழற்றும்போது டார்ஷன் பாரை இறக்கித்தான் எடுத்தேன், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. அதற்கும் ஸ்லீவ் போட்டு, சோதித்து வைத்திருந்த கிட்டைப் போட்டேன். ரப்பர் கப்பை பிரேக் ஆயிலில் நனைத்து, விளிம்பு மடங்காமல் விரல் நுனியால் சுற்றிலும் தள்ளி உள்ளே அனுப்பினேன். கிரீஸ் எதுவும் கிட்டே வரவில்லை.

போன வாரம் அதை மறுபடி மாட்டினேன். பழைய போல்ட் இரண்டும் தேய்ந்திருந்ததால் அதே நீளம், அதே மரை, அதே தரத்தில் புது போல்ட், தலையில் தரக் குறி இருப்பதைப் பார்த்து வாங்கியது. டார்ஷன் பார் இன்னும் கீழேதான் இருந்தது, ஆகவே இரண்டையும் எதிர்ப்பக்கத்தில் இருந்து விட்டு, நட்டை டார்ஷன் பார் பக்கம் வைத்துப் பூட்டினேன். அடுத்த முறை கழற்றுகிறவர் நட்டைச் சுற்றி எடுத்துவிட்டுப் போல்ட்டை உட்பக்கமாக இழுத்தால் போதும், டார்ஷன் பாரைத் தொட வேண்டாம். சீட்டில் அதையும் எழுதி, பழைய போல்ட்டுகளோடு பையில் போட்டு வைத்தேன். காற்று நீக்கி முடித்தபோது பெடல் இரண்டு அங்குலத்தில் கல் போல நின்றது. இரவு முழுக்கப் பெடல் மேல் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து அழுத்தியபடியே விட்டிருந்தேன். காலையில் ஆறு வீல் சிலிண்டருக்கும் கீழே விரித்திருந்த வெள்ளைத் தாள்களைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை.